புதுக்குப்புறம்: வாடகை வீட்டுக் கணக்கில் விடுபடும் ஓர் எண்

எலவனாசூர்கோட்டையின் பழம்பெயர் இறையானரையூர். இன்று அர்த்தநாரீசுவரர் என வழங்கப்பெறும் இறைவனைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஊர்பாகங்கொண்டருளிய மகாதேவர் என்று குறிக்கின்றன. உமைக்குத் தன்னில் பாகம் தந்தவன் ஊரிலும் ஒரு பாகம் கொண்டான் என்று அன்பர்கள் நயம் காண்பர். நமக்கோ அப்பெயரில் உடைமைச் செய்தி ஒன்றும் சேர்ந்து ஒலிப்பதாகத் தோன்றுகிறது. சோழர் காலக் கோயில் நிலம் வைத்திருந்தது, குத்தகைக்கு விட்டது, பணத்தை வட்டிக்குக் கொடுத்தது. ஊரின் பங்காளிகளுள் அதுவும் ஒன்று.

இன்று சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் அமைந்திருக்கும் இவ்வூரிலும், 2019ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று மாவட்டமாகப் பிறந்த கள்ளக்குறிச்சியிலும், வாடகைக்கு விடுவதற்கென்று முதன்முதலாக வீடு கட்டுகிறவர்கள் போடும் கணக்கு ஒரே வகையானது. வங்கித் தவணை இவ்வளவு, வாடகை இவ்வளவு, துண்டு விழுவது இவ்வளவு. பழுது பார்க்கும் செலவு என்ற எண் அக்கணக்கில் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த எண் தமிழகத்தில் எங்கெங்கே இருந்தது, எப்படித் தொலைந்தது என்பதைப் பார்ப்போம்.

கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்றொரு சொல் உண்டு. புறம் என்பது ஒரு காரியத்துக்கென ஒதுக்கிய நிலம். மடப்புறம், அறப்புறம் என்பன போல. கட்டடம் பழுதுபட்டால் புதுக்குவதற்கென்று விடப்பட்ட நிலம் புதுக்குப்புறம். விளக்குக்கும் அமுதுபடிக்கும் விட்ட நிலத்தின் வருவாயிலிருந்து இதைப் பிரித்து வைத்தமை கருதத்தக்கது. கூரை ஒழுகும் ஆண்டில் எண்ணெய்ப் பணத்தில் கை வைக்க வேண்டியதில்லை. செங்கற்கோயில்களைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார் காலத்தில், திருக்கோடிகாவலில் பழைய சுவர்களிலிருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். சுவரைப் புதுக்குகையில் கொடையின் ஆவணமும் அழியக்கூடாது என்ற எச்சரிக்கை அது.

பணம் எப்படிப் புரண்டது? தஞ்சைப் பெரிய கோயில் சாசனங்களில் ஊர்ச்சபைகள் கோயில் பணத்தைப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை செலுத்த ஒப்புகின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலைத் திருப்பிக் கேட்பதே இல்லை. சந்திர சூரியர் உள்ளவரை வட்டி வந்தால் போதும். இன்றைய வீட்டுக்கடனோ இருபது ஆண்டுகளில் முதலையும் தின்று தீர்க்க வேண்டியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘அந்தக் காலத்திலேயே கடன் இருந்தது’ என்று மகிழ்வதில் பொருளில்லை.

கோயிலை விட்டு வீட்டுக்கு வருவோம். வாடகை என்ற சொல் பரவுமுன் தமிழில் வழங்கியது குடிக்கூலி. குடிக்கூலி மாதாமாதம் வருவது. மொத்தமாகப் பணம் வேண்டியவர் நாடியது ஒற்றி. ஒத்தி, போக்கியம், லீசு என்று ஊருக்கொரு பெயர். குடிவருபவர் பெருந்தொகை ஒன்றைக் கொடுப்பார். தவணை முடியும்வரை வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. வங்கி வாசலை மிதிக்க முடியாதவர்க்கு இன்றும் இதுவே முதலீடு. அப்பணத்தைக் கொண்டு அடுத்த வீட்டுக்கு அடித்தளம் போட்டவர்களும் உண்டு. தவணை முடிந்ததும் திருப்பித்தர வழியின்றி வேறொருவரை ஒத்திக்குத் தேடி அலைந்தவர்களும் உண்டு.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை அனுபோக அடமானம் என்று ஏற்றுக்கொண்டது. அதன் 76ஆம் பிரிவு, அடமானம் பெற்றுச் சொத்தை அனுபவிப்பவர் தேவையான பழுதுகளைப் பார்க்க வேண்டும் என்கிறது. ஆனால் எதிலிருந்து? அரசுக்குச் செலுத்துவனவும் முதலுக்கான வட்டியும் போக மிஞ்சும் வருவாயிலிருந்து. ஒத்தியிலோ வாடகையும் வட்டியும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகின்றன, மிஞ்சுவது ஒன்றுமில்லை. வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால் ஒழுகும் கூரை யார் பொறுப்பிலும் இல்லாமல் போகிறது. சொத்து அழியாமல் காக்கச் செலவிட்டால் அதனை முதலோடு சேர்த்துக்கொள்ள 72ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போது மீட்க வேண்டிய கடன் வளரும். ஒத்திக்குப் போன பழைய வீடுகள் பல பாழடைந்து நிற்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று என்பது நம் எண்ணம்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வேறு வழியில் சென்றன. 1960ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம் நியாய வாடகையை மனை விலையும் கட்டடச் செலவும் சேர்ந்த மதிப்பின் மீது கணக்கிட்டது. திருத்தத்திற்குப் பின் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு, பிறவற்றுக்கு 12. உரிமையாளர் பழுது பார்க்கத் தவறினால், கட்டுப்பாட்டு அதிகாரியின் ஆணை பெற்றுக் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றது 22ஆம் பிரிவு.

பழுதுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தவர்கள் வரி விதித்தவர்களே. 1920ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் 10 விழுக்காட்டைப் பழுதுக்கெனக் கழித்தது. 1922ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் ஆறில் ஒரு பங்கைக் கழித்தது. (அரசிறையாக ஆறிலொன்று கொண்ட மரபில், ஆறிலொன்றை அரசு விட்டுக்கொடுத்த விந்தை!) 2001க்குப் பின் கழிவு 30 விழுக்காடாயிற்று, ஆனால் அதில் பழுதோடு காப்பீடு, வசூல் முதலிய செலவுகளும் அடங்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்குப் பழைய சட்டத்தின் 9 விழுக்காட்டில் ஆண்டு வாடகை 90,000, மாதம் 7,500. முழுத்தொகையும் 9 விழுக்காட்டு வட்டிக் கடன் என்று கொண்டால் முதலாண்டின் வட்டியே ஏறக்குறைய அவ்வளவும். ஆறிலொன்று என்ற அளவில் பழுதுக்கு வேண்டுவது 15,000. அது கைப்பணத்திலிருந்துதான் வரவேண்டும். முதலைத் தீர்க்கும் பங்கு தனி.

1960ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகைக் கணக்கு போயிற்று; வாடகை இருவர் பேசி முடிப்பது. வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக்கூடாது. அச்சட்டத்தின் அட்டவணை பழுதுகளைப் பங்கிட்டிருக்கிறது. குழாய் வாசர், சுவிட்சு, பூட்டு, சாக்கடை அடைப்பு குடியிருப்பவர்க்கு. கட்டுமானப் பழுது, குழாய்களை மாற்றுதல், மின்கம்பி இணைப்பு, கதவு சன்னல்களுக்கு வண்ணம் ஆகியன உரிமையாளர்க்கு. பொங்கலுக்கு முன் குடியிருப்பவரே சுண்ணாம்பு அடித்துக்கொள்வது நம் ஊர்களில் பழக்கம். அட்டவணை அதனையும் உரிமையாளர் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.