சாலை விபத்துப் புள்ளியியல் மாதிரிகளின் வரலாறு: ஸ்மீட் விதி முதல் ஊர் விலக்கு வரை

ஆய்வுச் சுருக்கம்

சாலை விபத்துகளைக் கணித்துரைக்கும் புள்ளியியல் மாதிரிகள் தனிமனிதர், நாடு, இடம் என மூன்று அலகுகளை அடுத்தடுத்து ஆய்வுப்பொருளாகக் கொண்டன. இம்மாற்றத்தின் வரலாற்றையும், தமிழ்நாட்டுத் தரவுகளுக்கு இம்மாதிரிகள் பொருந்தும் அளவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்மீட் விதி, பாய்சான் பரவல், விபத்துக் கரும்புள்ளி, தேசிய நெடுஞ்சாலை 744, வன்னியம்பட்டி

முன்னுரை

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்வது தேசிய நெடுஞ்சாலை 744. நூற்பாலைத் தொழிலாளர், ஆடிப்பூரத் தேரோட்டத்திற்கு வருவோர், சபரிமலைப் பயணியர், சரக்கு வண்டிகள் எனப் பலவகைப் போக்குவரத்தை இச்சாலை தாங்குகிறது. இவ்விரு நகரங்களை ஒட்டிய வன்னியம்பட்டி முதலிய ஊர்களின் மக்களுக்குச் சாலைப் பாதுகாப்பு என்பது, ஊர் விலக்கில் இறங்கிச் சாலையைக் கடக்கும் அன்றாடச் செயலோடு தொடர்புடையது. நாடு தழுவிய புள்ளியியல் இத்தகைய சிறிய இடங்களைப் பற்றி எந்த அளவுக்குக் கூற இயலும் என்பதே இங்கு எழும் வினா.

தனிமனிதர் என்னும் அலகு

1920-இல் கிரீன்வுட், யூல் ஆகிய இருவரும் பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த பெண்களின் விபத்துகளை ஆராய்ந்தனர். விபத்துகள் முற்றிலும் தற்செயலாக நிகழ்ந்திருப்பின் அவை பாய்சான் பரவலில் அமைந்திருக்கும். ஆனால், சிலருக்கு எதிர்பார்த்ததைவிட மிகுதியான விபத்துகள் நேர்ந்திருந்தன. இதனை விளக்க அவர்கள் கையாண்டதே எதிர்மறை ஈருறுப்புப் பரவல். இதிலிருந்து ‘விபத்துக்கு ஆட்படும் இயல்புடையோர்’ என்னும் கருத்து வளர்ந்தது. பழி மனிதர்மீது விழுந்தது.

நாடு என்னும் அலகு

1949-இல் ஆர். ஜே. ஸ்மீட், 20 நாடுகளின் 1938-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு ஒரு வாய்பாட்டை வகுத்தார். வாகன எண்ணிக்கையை மக்கள்தொகையின் இருமடியால் பெருக்கி, அப்பெருக்கத்தின் கனமூலத்தை 0.0003-ஆல் பெருக்கினால் ஓராண்டுச் சாலை இறப்புகள் கிடைக்கும் என்பது அதன் சாரம். வாகனங்கள் பெருகும்போது ஒரு வாகனத்திற்கான இறப்பு விகிதம் குறையும் என்பது இதன் உட்கிடை.

இதனை 2011-ஆம் ஆண்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, பதிவுபெற்ற வாகனங்கள் ஏறத்தாழ 1.56 கோடி. வாய்பாடு தரும் விடை சுமார் 13,000 இறப்புகள். பதிவான இறப்புகள் 15,422. இந்தியா முழுமைக்கும் மக்கள்தொகை 121 கோடி, வாகனங்கள் ஏறத்தாழ 14.2 கோடி எனக் கொண்டால் விடை சுமார் 1,78,000, பதிவானவை 1,42,485. ஒரே ஆண்டில், ஒரே வாய்பாடு, நாட்டுக்கு மிகையாகவும் மாநிலத்துக்குக் குறைவாகவும் கணிக்கிறது. வாகனப் பதிவேட்டில் வழக்கொழிந்த வண்டிகளும் இடம்பெறுகின்றன. பிற மாநில வண்டிகளோ அதில் இல்லை. இறப்புக் கணக்கு காவல்துறைப் பதிவைச் சார்ந்தது. எனவே இவ்விலகலை மாதிரியின் பிழை என்று மட்டும் கொள்ள இயலாது. எண்ணும் முறையும் அதில் பங்குபெறுகிறது.

இடம் என்னும் அலகு

உலக வங்கியின் நிதியுதவி பெற்ற தமிழ்நாடு சாலைத்துறைத் திட்டத்தின் வழி உருவான விபத்துத் தரவு மேலாண்மை அமைப்பு, விபத்து நிகழ்ந்த இடத்தைப் பதிவுசெய்வதற்கு முதன்மை அளித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் 2021-இல் செயல்படத் தொடங்கியபோது, முதற்கட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்றாக இருந்தது.

நடுவண் அரசின் வரையறைப்படி, தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்தில் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள், அல்லது 10 இறப்புகள் நிகழ்ந்தால் அப்பகுதி விபத்துக் கரும்புள்ளி ஆகும். இவ்வரம்பு நிருவாகத்திற்கு எளியது. ஆனால் சிறிய எண்களில் தற்செயலின் பங்கு பெரிது. 3 ஆண்டுகளில் சராசரியாக 3 விபத்துகளுக்கு இடமளிக்கும் ஒரு விலக்கு, பாய்சான் பரவலின்படி, 5 என்னும் வரம்பை எட்ட 18 விழுக்காட்டு வாய்ப்பு உண்டு. மாறாக, சராசரி 6 விபத்துகள் கொண்ட உண்மையான ஆபத்திடம், அவ்வரம்பை எட்டாமல் பட்டியலிலிருந்து தப்ப 29 விழுக்காட்டு வாய்ப்பு உண்டு.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. விபத்துகள் மிகுந்த காலத்தை அடுத்து ஓரிடத்தில் தடுப்பு வேலி வைத்தால், அடுத்த ஆண்டு எண்ணிக்கை இயல்பாகவே சராசரியை நோக்கி இறங்கக்கூடும்; அவ்வீழ்ச்சி முழுவதும் வேலியின் பயனாகக் கருதப்பட்டுவிடும். இதனைத் திருத்த எஸ்ரா ஹாவர் வலியுறுத்திய முறை, ஓரிடத்தின் சொந்தக் கணக்கை அதனையொத்த பிற இடங்களின் சராசரியோடு இணைத்து மதிப்பிடுவது. தொழிலாளரை அளக்கக் கையாளப்பட்ட அதே எதிர்மறை ஈருறுப்புப் பரவல், இங்கு இடத்தை அளக்கும் கருவியாகிறது. ‘யார் கவனக்குறைவானவர்?’ என்ற வினா, ‘எந்த இடம் பலரையும் ஆபத்தில் தள்ளுகிறது?’ என்று மாறியுள்ளது.

முடிவுரை

விபத்து மாதிரிகளின் வரலாறு கணித நுட்பத்தின் வளர்ச்சி மட்டுமன்று; பொறுப்பு யாருடையது என்னும் கருத்தின் மாற்றமுமாகும். பட்டியலில் இடம்பெறாத காரணத்தால் ஓர் ஊர் விலக்கு பாதுகாப்பானது என்று கொள்வது புள்ளியியலுக்கு முரணானது. எத்தனை பேர், எந்நேரத்தில், எவ்வாறு சாலையைக் கடக்கின்றனர் என்னும் பயண நடத்தைத் தரவும், ஒத்த விலக்குகளின் ஒப்பீடும் சேரும்போதே வன்னியம்பட்டி போன்ற ஊர்களின் ஆபத்தை, உயிரிழப்புகள் வரம்பைத் தொடும்வரை காத்திராமல், முன்னரே மதிப்பிட இயலும்.