எல்மர் (படக்கதை நூல்)

எல்மர், ஆங்கிலேய எழுத்தாளரும் ஓவியருமான டேவிட் மெக்கீ (1935–2022) எழுதி வரைந்த சிறுவர் படக்கதை நூல். முதல் பதிப்பு 1968இல் வெளிவந்தது. மெக்கீ படங்களைப் புதிதாக வரைந்து தர, ஆண்டர்சன் பிரஸ் 1989இல் அதை மீண்டும் வெளியிட்டது. நூல் உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான்.

கதை

கூட்டத்து யானைகள் எல்லாம் சாம்பல் நிறம். எல்மரின் உடம்பு மட்டும் மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை எனப் பல நிறக் கட்டங்களால் ஆனது. வேடிக்கை செய்து எல்லோரையும் சிரிக்க வைப்பவனும் அவனே. தன் நிறத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்ற எண்ணம் ஓர் இரவு அவன் தூக்கத்தைக் கெடுக்கிறது. காலையில் காட்டுக்குள் போய், சாம்பல் நிறப் பழங்களை உலுக்கி உதிர்த்து, அவற்றின் மேல் புரண்டு நிறம் மாறித் திரும்புகிறான். யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. யானைகள் சிரிப்பே இல்லாமல் அசையாது நிற்பதைப் பொறுக்க மாட்டாமல் துதிக்கையை உயர்த்திக் கத்துகிறான். இது எல்மரின் குறும்புதான் என்று கண்டுகொண்ட கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கிறது. மழை பெய்து பூச்சைக் கழுவிவிடுகிறது. அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாட முடிவாகிறது. அன்று மற்ற யானைகள் வண்ணம் பூசிக்கொள்ளும். எல்மர் சாம்பல் நிறம் பூசிக்கொள்வான்.

பின்னணி

மெக்கீயின் முதல் மனைவி ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். தம் மகளின் நிறத்தைக் குறித்து ஒரு நிறவெறிச் சொல்லைத் தெருவில் கேட்க நேர்ந்தது, இக்கதைக்குத் தூண்டுதலாக அமைந்ததாக மெக்கீ கூறியுள்ளார். படங்களின் வண்ணக் கட்டங்களில் ஓவியர் பால் கிளேயின் தாக்கம் உண்டு.

கருத்து

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் வாத்துக்குஞ்சுக் கதையில் (1843), ஏளனத்துக்கு ஆளான குஞ்சு அன்னமாக வளர்ந்து தன் இனத்தைச் சேர்ந்த பிறகே நிம்மதி பெறுகிறது. எல்மர் வேறொன்றாக வளர வேண்டியதில்லை. வீரச் செயல் புரிந்து தன் மதிப்பை நிறுவ வேண்டியதும் இல்லை. கூட்டம் அவனை முன்பே நேசித்தது. அந்த நேசத்தை அவன் நம்பத் தொடங்குவதே கதை. விழா நாளில் நிறம் மாறுவது எல்மர் மட்டுமல்ல, பெரும்பான்மையும்தான். ஏற்பு என்பது சிறுபான்மைக்கு இடும் பிச்சை அல்ல என்பதைப் பிஞ்சு மனத்துக்கும் எட்டும்படி சொல்லியிருப்பதே இந்நூலின் பெருமை.

பிற்காலம்

எல்மரை வைத்து மெக்கீ ஒரு தொடரையே எழுதினார். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட வில்பர் அத்தொடரில் எல்மரின் உறவினனாக வருகிறான். நூல்கள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன. பள்ளிகளும் நூலகங்களும் மே மாதத்தில் எல்மர் தினம் கொண்டாடுகின்றன.