துலா மிதித்தவரும் தண்ணீர் மாறியவரும்

கீரிமலை என்றதும் கேணியும் நகுலேசுவரமுமே பலருக்கு நினைவுக்கு வரும். அவ்வூரையும் அயலூர்களையும் சேர்ந்த எமக்குத் தோட்டக் கிணறுகளும் அதே அளவுக்கு முக்கியமானவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. கீரிமலைக் கேணியில் ஊறுவதும், செம்மண் தோட்டங்களில் இறைக்கப்படுவதும் அந்த நீரே.

நீரிறைக்கும் இயந்திரங்கள் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவும்வரை, இறைப்பு தனியொருவர் வேலையாக இருக்கவில்லை. ஆடுகாலில் பொருத்திய துலாவின் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கிணற்றடியில் நிற்பவர் பட்டையில் நீரை மொண்டு வாய்க்காலில் கவிழ்ப்பார். மூன்றாமவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். பட்டை நிரம்புமுன் மிதிப்பவர் திரும்பினால் அரைப்பட்டை நீரே ஏறும். மாறுபவர் பிந்தினால் வரம்பு உடையும். ஒருவர் கவனம் தவறினால் மூவரின் உழைப்பும் வீணாகும். துலாவில் நடப்பவரின் உயிர்கூட மற்றவரின் கவனத்தில் தங்கியிருந்தது.

தண்ணீர் மாறும் வேலை பெண்களின் கையிலும் சிறுவர் கையிலும் விழுந்ததுண்டு. நாற்று நடுதலும் களை பிடுங்கலும் பெண்களுடையவையே. ஆயினும் 'கமக்காரர்' என்ற சொல்லைக் கேட்டால் ஆண் ஒருவரே எம் மனக்கண்ணில் தோன்றுகிறார். வேலை பகிரப்பட்ட அளவுக்கு விளைச்சலும் பகிரப்பட்டது என்றும் சொல்ல முடியாது. நிலமற்ற கூலியாளுக்குக் கிணற்றில் பங்கு இருக்கவில்லை.

பங்கு என்பது இங்கு சட்டச் சொல்லுமாகும். ஒரு கிணற்றுக்குப் பல உரித்தாளர் இருப்பர். முறை வைத்து இறைப்பர். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, பெண்ணின் சீதனச் சொத்தைத் தனியாக மதித்தது. எனவே காணியோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எம் பாட்டிமார் பலரின் பெயருக்கு எழுதப்பட்டன.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் 2009 இல் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பியவர்கள் பற்றை மூடிய கிணறுகளைக் கண்டனர். அவற்றின் பங்காளர்களோ கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் சிதறியிருந்தனர். தூர்வார ஒருவர் முன்வந்தாலும், மற்றவரின் சம்மதமும் செலவில் பங்கும் வேண்டும்.

இன்று பொத்தானை அழுத்தினால் ஒருவரே இறைத்துவிடலாம். ஆனால் நிலத்தடி நீர் இன்னும் எல்லோருக்கும் பொதுவானது. ஒருவர் மிகையாக இறைத்தால் அயலவர் கிணறும் உவர்க்கும். ஆகவே மலரைப் படிக்கும் சகோதரிகளே, உங்கள் தாயாரின் உறுதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு கிணற்றுப் பங்கு இருந்தால், ஊரிலிருக்கும் பங்காளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். துலா மிதிக்க எம்மால் இயலாது. சம்மதம் தரவும் செலவில் எமது பங்கைக் கொடுக்கவும் இயலும்.