மூன்று நாவல்களும் மூன்று ஊர்களும்

கடந்த ஓராண்டுக் காலத்தில் யான் படித்த நாவல்கள் பதினான்கு. தேர்வின் பொருட்டுப் படித்தவை இக்கணக்கிற் சேரா. இப்பதினான்கினுள் மூன்றினை மட்டும் மீண்டும் ஒருமுறை எடுத்துப் படித்தேன். லெனாட் வூல்ஃப் ஆங்கிலத்தில் எழுதி 1913இல் வெளியிட்ட 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' ஒன்று. மார்ட்டின் விக்கிரமசிங்க சிங்களத்தில் எழுதி 1944இல் வெளிவந்த 'கம்பெரலிய' மற்றொன்று. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' மூன்றாவது. அது 1973இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்தது. மொழி மூன்றாயினும் நாடு ஒன்றே. மூன்றும் இத்தீவின் சிற்றூர்களைப் பற்றியனவே.

தொடக்கத்தில் இவற்றை ஒருசேர எண்ணிப் படித்தேனல்லேன். இரண்டாம் முறை படிக்கும்போதே இவற்றிடையே நிலவும் ஓர் ஒற்றுமை புலனாயிற்று. இந்நாவல்கள் காட்டும் ஊர்களுள் எதுவும் நாவலிற் கண்டவாறு எஞ்சவில்லை. ஒன்றினைக் காடு விழுங்கிற்று. ஒன்றினை விமானத்தளம் கொண்டது. மற்றொன்று போரினால் வெறுமையாயிற்று. இதனை வகுப்பிற் கூறியபோது விரிவுரையாளர் ஒருவர், "கதாபாத்திரத்தை அடிக்குறிப்பில் எவ்வாறு இடுவீர்?" என்று வினவினார். வகுப்புச் சிரித்தது, யானும் சிரித்தேன். எனினும் அவ்வினா நியாயமானதே. இக்கட்டுரை அதற்கு யான் கூற முயலும் விடை.

நாவலுக்கும் சமுதாயத்துக்குமுள்ள தொடர்பு நம்மிடையே புதிதாகப் பேசப்படுவதன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' அத்தொடர்பினை விரிவாக ஆராய்ந்தது. எனது வினா அதனிலும் குறுகியது. ஊரே இல்லாதொழிந்தபின், அவ்வூரைப் பற்றிய கதை சான்றாகுமா?

வூல்ஃபிடமிருந்து தொடங்குவது பொருத்தமாகும். ஏனெனில், ஒரே மனிதர் ஒரே பிரதேசத்தைப் பற்றி இருவகை எழுத்துகளை விட்டுச்சென்றமை அரிதாக நிகழ்வது. 1904ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த அவர், யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமையாற்றிய பின்னர், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கினார். அக்காலப் பிரித்தானிய அதிகாரிகள் தமது அன்றாட அலுவல்களை நாட்குறிப்பாக எழுதுதல் கட்டாயமாகும். வூல்ஃபின் அம்பாந்தோட்டை நாட்குறிப்புகள் பின்னர் அச்சேறின. உப்பளம், வீதி, வழக்கு, சேனைப் பயிர்ச்செய்கை, மாடுகளைக் கொன்றொழித்த கொள்ளைநோய் ஆகியன அவற்றிலே நிறைந்துள்ளன. நிருவாக வரலாறு எழுதுவோனுக்கு அவை பொற்கிழி எனலாம்.

அந்நாட்குறிப்புகளிலும் மனிதர் ஆங்காங்கு தலைகாட்டவே செய்கின்றனர். ஆயினும் அவர்கள் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிற்கும் மனிதர்கள். மனுக்காரராகவோ சாட்சியாகவோ குற்றவாளியாகவோ வருபவர்கள். அவர் எழுந்து சென்றபின் அம்மனிதர் என்ன பேசிக்கொண்டனர் என்பதற்கு அங்கே இடமில்லை. பதவி துறந்து இங்கிலாந்திலிருந்தபோது வெளியிட்ட நாவலில் வூல்ஃப் மேசையின் மறுபக்கத்துக்குச் சென்றுவிடுகின்றார்.

கதை நிகழும் பெத்தகம ஒரு கற்பனை ஊர். சேனை வெட்டியும் வேட்டையாடியும் வாழும் சிலிந்து, அவனுடைய இரட்டைப் புதல்வியரான புஞ்சி மெனிக்கா, ஹின்னிஹாமி, புஞ்சி மெனிக்காவின் கணவன் பபுன் ஆகியோரே முதன்மை மாந்தர். சேனைக்கு அனுமதி கிடைப்பதும் கிடையாதொழிவதும் ஊர்த்தலைவன் பபேஹாமியின் கையிலுள்ளன. வெளியூரிலிருந்து வந்த கடன்கொடுப்போனாகிய பெர்னாண்டோ புஞ்சி மெனிக்காவின் மீது கண்வைக்கின்றான். அவள் இணங்காதபோது பபுன் மீது பொய்த் திருட்டு வழக்கொன்று சோடிக்கப்படுகின்றது. வழக்கு விசாரணைக் காட்சியை யான் மும்முறை படித்தேன். விசாரணை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. தன்னைப் பற்றித்தான் பேசுகின்றனர் என்பதற்கு மேல் பபுனுக்கு எதுவும் விளங்கவில்லை. வெள்ளைக்கார நீதவான் கொடியவனல்லன். ஏதோ பிழையுண்டு என்று அவன் மனம் ஐயுறுகின்றது. எனினும் சான்று பபுனுக்கு எதிராக இருக்கின்றது. பபுன் சிறை செல்கின்றான், அங்கேயே மடிகின்றான்.

இவ்விடத்திலேயே என் விரிவுரையாளரின் வினா எனக்கு வேறுவகையாகத் தோன்றலாயிற்று. இத்தகைய வழக்கொன்றின் தீர்ப்பேடு மட்டும் சுவடிக்கூடத்திற் கிடைத்திருப்பின், நாம் என்ன எழுதியிருப்போம்? பபுன் திருடன் என்று எழுதி, தீர்ப்பேட்டின் இலக்கத்தையும் ஆண்டையும் பிழையின்றி அடிக்குறிப்பில் இட்டிருப்போம். ஆவணம் சோடிக்கப்படும் விதத்தை ஆவணமே சொல்வதில்லை. அதிகாரியாகவும் நீதவானாகவும் இருந்த ஒருவரே, தம் தீர்ப்புகள் எத்தகைய சான்றுகளின்மேல் எழுந்தவை என்பதைக் கதையாகச் சொல்லுகின்றார். அது கற்பனையே, ஆனால் அக்கற்பனையைச் செய்யும் தகுதி அவருக்கு இருந்தது.

வூல்ஃபிடம் குறையுண்டு. கிராமத்தவரை விலங்குகளோடு ஒப்பிடும் வழக்கம் அவருக்கு மிகுதி. காட்டை அவர் தீமையின் உருவாகவே காண்கின்றார். அதனையே வீடாகக் கொண்டோர் அவ்வாறு காண்பரோ என்பது ஐயம். ஆயினும் இறுதிப்பகுதி மறக்கற்பாலதன்று. சிலிந்து ஊர்த்தலைவனையும் பெர்னாண்டோவையும் சுட்டுக்கொன்று சிறை செல்ல, ஒவ்வொருவராக ஊரை நீங்க, ஈற்றிற் புஞ்சி மெனிக்கா மட்டும் எஞ்சுகின்றாள். காடு முற்றத்துக்கு வருகின்றது. பின் சுவர்வரை வருகின்றது. ஓர் ஊர் அழிவதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன வேறொரு நூலை யான் படித்திலேன்.

'கம்பெரலிய' முற்றிலும் வேறானது. அதனைத் தமிழிற் பெயர்த்த எம். எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' எனப் பெயரிட்டார். 'மாற்றம்' என எழுதாது 'பிறழ்வு' எனக் கொண்டமை நுட்பமானது. தென்மாகாணக் கரையோரக் கிராமமொன்றின் பெரியவீடு, அதன் இளைய மகள் நந்தா, ஆங்கிலம் கற்பிக்க வந்து அவளை விரும்பும் பியல், குலப்பெருமை காரணமாக அவன் மறுக்கப்படுதல், ஜினதாசவுக்கு அவள் மணம் முடிக்கப்படுதல், அவன் நொடித்துப் போதல், கொழும்பில் வணிகனாகிப் பணம் தேடிய பியல் பின்னர் அவளை மணத்தல் என்று கதை மெல்ல நகர்கின்றது. சற்று அதிகமாகவே மெல்ல நகர்கின்றது என்பேன். நிலத்தாற் பெற்ற மதிப்பு பணத்தால் பெறும் மதிப்புக்கு இடம்விட்ட வரலாற்றை, ஒரு வீட்டின் கூரை ஒழுகுவதைக் கொண்டே காட்டிவிட முடியும் என்பதை இந்நாவல் உணர்த்திற்று.

ஆனால் என் சிந்தையைக் கவர்ந்தது நாவலுக்கு வெளியே உள்ள செய்தியாகும். விக்கிரமசிங்கவின் பிறந்தகம் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அங்கே கடல்விமானத் தளமொன்றை அமைத்தது, கிராமத்தவர் அகற்றப்பட்டனர். 1942 ஏப்பிரலில் யப்பானியக் கடற்படையின் வருகையைக் கண்டறிந்த விமானம் கொக்கலையிலிருந்தே புறப்பட்டது என்பதை வரலாற்று மாணவர் அறிவர். அத்தளத்துக்காக வீடிழந்தோரை அறிவோர் மிகச் சிலர். ஈராண்டின் பின் வெளிவந்த நாவலோ, போருக்கு நெடுங்காலம் முற்பட்ட கிராமத்தையே பேசுகின்றது. தாம் பிறந்த ஊர் துடைக்கப்பட்ட நிலையில் வெளியிட்ட கதையாகையால், அடுக்களையும் தோணியும் சடங்கும் அவ்வளவு நுணுக்கமாக அதில் இடம்பெற்றன என்று எண்ணுகின்றேன். இது என் ஊகமேயன்றி நிறுவப்பட்ட முடிபன்று. விக்கிரமசிங்கவின் குடும்ப வீடு தப்பியது. இன்று அது நாட்டார் கலை அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாகும்.

இனி 'நிலக்கிளி'. இந்நாவலைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் இயலாது என்பதை முன்னரே கூறிவிடுகின்றேன். முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்பே இதன் களம். பழைய குளமொன்றின் கீழ், காட்டை அண்டி வாழும் சில குடும்பங்கள். கதிராமனும் பதஞ்சலியும் மணம் புரிந்து, காடு வெட்டிப் புது வாழ்வு தொடங்குகின்றனர். அங்கு ஆசிரியராக வரும் சுந்தரலிங்கத்தின் வருகை அவ்வாழ்வில் ஒரு கலக்கத்தை உண்டாக்குகின்றது. கதையமைப்பில் அக்கால வெகுசன நாவலின் சாயல் உண்டு. ஆயினும் வேட்டையையும் காட்டின் ஒலிகளையும் உடலுழைப்பையும் எழுதுமிடங்களில் ஆசிரியர் ஒரு சொல்லையும் கடன்வாங்கவில்லை. வூல்ஃபுக்குப் பகையாகத் தோன்றிய காடு பாலமனோகரனுக்கு அயல்வீடு போன்றது. அவர் அம்மாவட்டத்திலேயே பிறந்தவர். கதையின் திருப்பமாக வரும் சூறாவளி, 1964 டிசெம்பரில் வடபகுதியைத் தாக்கிய பெரும்புயலை அறிந்தோர்க்கு வெறுங் கதையாகத் தோன்றாது.

நாவல் வெளிவந்து பதினோராண்டுகளின் பின், 1984 நவெம்பர் இறுதியில் கென்ற், டொலர் பண்ணைகளிற் குடியேற்றப்பட்டிருந்த சிங்கள மக்கள் கொல்லப்பட்டனர். அதனையடுத்த நாட்களில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், தண்ணிமுறிப்பு முதலிய தமிழ்க் கிராமங்களின் மக்கள் தம் ஊர்களிலிருந்து விரட்டப்பட்டனர். இரண்டையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். ஒன்றை விட்டு மற்றதை எழுதுவோர் இரு பக்கத்திலும் உளர்.

என் அம்மம்மா அப்பகுதியிற் பிறந்தவர். இடம்பெயர்ந்த வேளையில் காணி அனுமதிப்பத்திரத்தை எடுக்க நேரமிருக்கவில்லை. போர் 2009இல் முடிந்தபின் அலுவலகமொன்றிற் சென்று விண்ணப்பித்தபோது, பத்திரமின்றிக் காணியை எவ்வாறு நிறுவுவீர் என்று கேட்டனர். அவ்வாறு கேட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. பபுனை விசாரித்த நீதவானும் சான்றையே கேட்டான்.

சென்ற விடுமுறையில் அவருக்கு 'நிலக்கிளி'யை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கண்ணிற் புரையாதலின் அவரால் வாசிக்க இயலாது. காதற் காட்சிகளில் அவருக்கு நாட்டமில்லை. "அதைத் தள்ளிப்போட்டு அங்கால வாசி" என்பார். குளக்கட்டும் காட்டுப்பாதையும் வருமிடங்களில் நிறுத்தச் சொல்வார். சில விடயங்களை ஆமோதித்தார். சிலவற்றுக்கு, "அது அவையின்ரை பக்கத்திலை அப்பிடி, எங்கடை பக்கத்திலை வேறை" என்றார். யான் பயின்ற ஆய்வுமுறையில் மூலத்தைப் பிறிதொரு மூலத்தோடு ஒப்புநோக்கல் எனப்படுவது இதுவே. நாவல் அவருக்குச் சான்றாகவில்லை. மறந்திருந்த சான்றுகளை அவரிடமிருந்து வெளிக்கொணர்ந்தது. விரிவுரையாளரின் வினாவுக்கு இந்த அளவிலேயே என்னால் விடை கூற முடிகின்றது. கதாபாத்திரத்தை அடிக்குறிப்பில் இடுதல் இயலாது. ஆனால் கதாபாத்திரத்தைக் கேட்டு, "அப்படியல்ல, இப்படி" என்று கூறும் ஒரு முதியவளின் சொல்லை இடலாம்.

ஈற்று அதிகாரம் முடிந்ததும், "எங்கடை வயலுகளின்ரை பேர் அதிலை இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கையிற் கடதாசி இருக்கவில்லை. நூலின் பின்னட்டையின் உட்புறத்தில் எழுதிக்கொண்டேன். பதினேழு பெயர்கள். பதின்மூன்றாவது பெயரில் மட்டும் அவருக்கு ஐயம். அதனைத் தம் தங்கையிடம் கேட்கவேண்டும் என்றார். தங்கை வவுனியாவில் இருக்கின்றார். அடுத்த விடுமுறையில் நூலையும் எடுத்துக்கொண்டு அங்கே செல்வதாக இருக்கின்றேன்.