உத்தரிப்பும் உத்தரியமும்

ஜூலை 16, கார்மேல் மாதா திருநாள். "உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மீட்பதால்தான் இதற்கு உத்தரியம் என்று பெயர்" என்றார் பிரசங்கியார். கோவிலே தலையாட்டியது. எனக்கு அன்று பூசையில் மனம் ஒட்டவில்லை.

உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் சேருமுன் ஆன்மாக்கள் பாவக்கடன் தீர்க்கும் இடம். உத்தரியம் மேலாடை. லத்தீனில் ஸ்காப்புலா என்றால் தோள்பட்டை. துறவிகளின் தோளாடை ஸ்காப்புலாரியம். அதற்குத் தமிழில் உத்தரியம் என்று பேரிட்டார்கள், அவ்வளவே. அதை அணிந்து இறந்தவரை அடுத்த சனிக்கிழமையே மாதா மீட்பாள் என்ற பக்தி, இரு சொற்களையும் ஒட்டவைத்துவிட்டது. மேல் என்னும் பொருளுள்ள உத்தரம் வேறு, உத்தரித்தல் வேறு.

உத்தரம் வடக்கு, ஆகவே அந்த ஸ்தலமும் வடக்கே என்பார் ஒருவர். கவிஞர் தாந்தே அந்த ஸ்தலத்தை ஒரு மலையாக்கித் தென்பாதி உலகின் கடல் நடுவே வைத்தார். அவரோடு வழக்காடட்டும்.

உத்தரம் மறுமொழி, எனவே பாவத்துக்குப் பதில் சொல்லுதலே உத்தரித்தல் என்பது இன்னொரு கட்சி. 'பாவத்துக்கு உத்தரித்தல்' என்ற நான்காம் வேற்றுமை அவர்களுக்குச் சாதகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இறந்தவுடனே தனித்தீர்வை முடிந்துவிடுகிறது. தீர்ப்புக்குப் பிறகு யாருக்குப் பதில் சொல்வது?

என் கட்சி: உத் + தரணம், மேலேறிக் கடத்தல். அதே வடமொழி வேர் கீழிறங்கினால் அவதாரம். ஆற்றில் இறங்கும் துறை தீர்த்தம். பிறவியைக் கடக்கத் துறை அமைத்தவர் தீர்த்தங்கரர். வள்ளுவரும் பத்தாம் குறளிலேயே பிறவியைக் கடலாக்கிவிட்டார். தாந்தேயின் ஆன்மாக்களும் படகில் வந்திறங்கித்தான் மலையேறுகின்றன. நீரும் ஏற்றமும் ஒருசேர இருக்கும் சொல் இது.

'ஸ்தலம்' பின்னொட்டுத்தான். லத்தீனிலும் முதலில் 'தூய்மையாக்கும் நெருப்பு' என்று அடைமொழியாகவே வழங்கியது. 'புர்காத்தோரியும்' என்ற பெயர்ச்சொல் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தோன்றியது என்று வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் 1981-இல் ஒரு நூலே எழுதினார். 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கமும் அது உண்டு, ஆன்மாக்களுக்கு நம் வேண்டுதலும் பூசையும் உதவும் என்றதோடு நிறுத்திக்கொண்டது. நெருப்பையோ இடத்தையோ வரையறுக்கவில்லை. எனவே புது வழக்கில் ஸ்தலத்தை 'நிலை' ஆக்கியவர்களோடு எனக்குச் சண்டையில்லை. உத்தரித்தலை எடுத்துவிட்டுத் 'தூய்மை பெறும்' என்று போட்டதுதான் உறுத்துகிறது. சலவைத்துறை வாடை அடிக்கிறது. 'உத்தரிக்கிற' என்ற நிகழ்காலப் பெயரெச்சத்தில் ஓர் ஆன்மா இன்னும் கை வீசிக்கொண்டிருந்தது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்கு நாம் கேட்பது நித்திய இளைப்பாற்றி. குளித்து வந்தவனுக்கு இளைப்பாற்றி எதற்கு? நீந்திக் களைத்தவனுக்கே அது வேண்டும். உத்தரித்தல் கரையேறுதலே, அகராதிகள் என்ன சொன்னாலும் நான் இதை விடுவதாக இல்லை.