மூன்றாம் தரப்பு வாகனக் காப்பீடு

மூன்றாம் தரப்பு வாகனக் காப்பீடு என்பது, ஒருவரின் வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் முறை ஆகும். இந்தியாவில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146 ஆம் பிரிவு இதனைக் கட்டாயமாக்குகிறது. இவ்வொப்பந்தத்தில் உரிமையாளர் முதல் தரப்பு. நிறுவனம் இரண்டாம் தரப்பு. பாதிக்கப்பட்டவர் மூன்றாம் தரப்பு ஆவார்.

உரிமையாளரின் சொந்த வாகனம் சேதமடைந்தாலோ களவு போனாலோ இதன்கீழ் இழப்பீடு கிடைக்காது. அதற்கு முழுமைக் காப்பீடு தேவை. கடனில் வாங்கப்படும் மகிழுந்துகளுக்கு வங்கிகள் பொதுவாக முழுமைக் காப்பீட்டையே கோருகின்றன.

உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய மகிழுந்துகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கும், இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு தொடக்கத்திலேயே பெறப்பட வேண்டும். காப்பீடற்ற வாகனம் விபத்தை ஏற்படுத்தின், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை உரிமையாளரே செலுத்த நேரும்.