கொமோடோ டிராகனை வாலைப் பிடித்து நடத்திய பெண்

1928 அக்டோபர் மாதம். லண்டன் விலங்கியல் சங்கத்தின் அறிவியல் கூட்டம். இதுபோன்ற கூட்டங்களில் வழக்கமாகக் கட்டுரை படிப்பார்கள், படம் காட்டுவார்கள், மிஞ்சிப்போனால் ஒரு ஜாடியில் சாராயத்தில் ஊறிய பிராணியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அன்று 31 வயதுப் பெண் ஒருவர் உயிரோடு ஒரு கொமோடோ டிராகனைக் கொண்டுவந்தார். அது அவர் கையிலிருந்து ஒரு கோழி, சில முட்டைகள், ஒரு புறா எல்லாவற்றையும் வாங்கித் தின்றது. அவர் அதன் உடம்பைச் சொறிந்துவிட்டார், தட்டிக்கொடுத்தார். அது பாட்டுக்கு இருந்தது!

அந்தப் பெண்ணின் பெயர் ஜோன் பீச்சம் ப்ராக்டர். லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளர்.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கலாம். அதற்கு அந்த டிராகன் யார் என்று தெரிய வேண்டும். டிராகன் என்று பெயர் வைத்திருந்தாலும் அது ஒரு உடும்புதான். நம் ஊர் உடும்புக்குப் பெரியண்ணன். சுமார் 3 மீட்டர் நீளம் வரை வளரும், 70 கிலோ எடை இருக்கும். மான், பன்றி, சமயத்தில் எருமையைக்கூட அடித்துத் தின்னும். இந்தோனேசியாவில் கொமோடோ, ரின்ட்ஜா, ஃப்ளோரஸ் போன்ற சில தீவுகளில் மட்டுமே இருக்கிறது. 1912இல் பீட்டர் ஊவன்ஸ் என்ற டச்சுக்காரர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதுவரை வெளியுலகத்துக்கு இப்படி ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது.

1926இல் டக்ளஸ் பர்டன் என்ற அமெரிக்கர் கொமோடோ தீவுக்குப் போனார். அவருடைய குழு பெரிய டிராகன் ஒன்றைச் சுருக்குக் கயிறு வைத்துப் பிடித்து, கட்டித் தூக்கி, கம்பிவலை போட்ட கூண்டில் அடைத்தது. காலையில் போய்ப் பார்த்தால் வலை கிழிந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். கடைசியில் உயிரோடு நியூயார்க் போய்ச் சேர்ந்தவை இரண்டே இரண்டு. அவையும் அங்கே அதிக நாள் வாழவில்லை. பர்டன் சொன்ன கதைகள் அவருடைய நண்பர் மெரியன் கூப்பரின் மனதில் விழுந்து, 1933இல் வந்த 'கிங் காங்' படத்துக்கு ஒரு விதையாயின. ஆக உலகம் கொமோடோ டிராகனை முதலில் அறிந்துகொண்டதே ஒரு அரக்கனாகத்தான்.

அடுத்த வருடமே, 1927இல், இரண்டு டிராகன்கள் லண்டனுக்கு வந்தன. சும்பாவா, சும்பா என்று பெயர். ஐரோப்பாவுக்கு உயிரோடு வந்த முதல் கொமோடோ டிராகன்களில் இவையும் உண்டு. பர்டன் கொண்டுபோனவற்றுக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேர்ந்திருக்கலாம். அப்படி நேராமல் போனதற்குக் காரணம் புரிய ப்ராக்டரின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ப்ராக்டர் பிறந்தது 1897இல். சின்ன வயதிலேயே குடல் நோய். வாழ்நாள் முழுக்க வலி, பல அறுவை சிகிச்சைகள். கேம்பிரிட்ஜில் படிக்கப் போக வேண்டிய பெண், உடம்பு ஒத்துழைக்காததால் போகவில்லை. ஆனால் பத்து வயதிலிருந்தே வீட்டில் பாம்பும் பல்லியும் வளர்த்தார். அதிலும் டல்மேஷியா பகுதிப் பல்லி ஒன்று ரொம்பச் செல்லம். பதினாறு வயதில் ஒரு முதலைக் குட்டி வந்து சேர்ந்தது. அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வகுப்புக்கே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் (கணக்கு டீச்சரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்). பிறகு பிரிட்டிஷ் மியூசியத்தில் புலாஞ்சர் என்ற பெரிய ஊர்வன நிபுணருக்கு உதவியாளர். 1923இல் மிருகக்காட்சி சாலைக்கு வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

அவர் திட்டமிட்ட புதிய ஊர்வன இல்லம் 1927இல் திறக்கப்பட்டது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பல்லி இனத்துக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு குறைந்தால் சாப்பிடாது, தின்றதும் செரிக்காது, நோய் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி போட்டு அடைத்தால் வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே வராது, எலும்பு கெடும். ப்ராக்டர் தன் கட்டிடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு வெப்பம் கிடைக்க ஏற்பாடு செய்தார். மின்சாரத்தால் சூடாகும் பாறைகள் வைத்தார். புற ஊதாக் கதிரை உள்ளே விடும் 'வைட்டா கிளாஸ்' என்ற புதுக் கண்ணாடியைப் போட்டார். பார்வையாளர்கள் நிற்கும் இடம் இருட்டாக, விலங்கு இருக்கும் இடம் மட்டும் வெளிச்சமாக இருக்கும். விலங்கைப் பழக்குவது என்றால் கையில் பிடிப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலை இப்படிக் கூண்டிலேயே முடிந்துவிடுகிறது. குளிரிலும் பயத்திலும் இருக்கும் பிராணியை எந்த மந்திரக்காரனாலும் பழக்க முடியாது.

சும்பாவா வந்து சேர்ந்தபோது அதன் வாயில் புண். மற்றவர்கள் பார்த்தது ஆளைத் தின்னும் அரக்கனை. ப்ராக்டர் பார்த்தது வாய்வலியோடு இருக்கும் ஒரு நோயாளியை. சிகிச்சை கொடுத்தார், புண் ஆறியது. வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்த ஒருவருக்கு இன்னொரு உயிரின் வலி சீக்கிரம் தெரிந்ததோ என்னவோ.

பல்லியின் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கழுத்தைப் புடைப்பது, 'புஸ்' என்று சீறுவது, வாலைச் சாட்டை மாதிரி வீசுவது எல்லாம் பெரும்பாலும் பயத்தின் அடையாளம். 'கிட்டே வராதே' என்று அது சொல்கிறது. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து மாதிரி. அந்த நேரத்தில் அமுக்கிப் பிடித்தால் அது சந்தேகப்பட்டது சரி என்று நிரூபித்ததாகிவிடும். கடித்தவுடன் பதறிக் கையை இழுத்துக்கொண்டு ஓடினாலும், கடித்தால் போய்விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். பழக்குகிறவர் அருகில் சும்மா இருக்க வேண்டும். தினமும் அதே நேரம், அதே நிதானம். பிறகு சாப்பாடு, பிறகு பக்கவாட்டிலிருந்து ஒரு தொடுதல். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். இன்று வெளிநாடுகளில் பண்ணையில் பிறந்த இகுவானாவை வளர்ப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். (நம் நாட்டில் உடும்பைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!)

சும்பாவா நன்றாகப் பழகிவிட்டது. மிருகக்காட்சி சாலைக்குள் ப்ராக்டர் அதை வெளியே நடத்திக் கூட்டிப்போவார். வாலைக் கையில் பிடித்துக்கொண்டு, படகுக்குச் சுக்கான் மாதிரி, அது போக வேண்டிய திசைக்குத் திருப்புவார். குழந்தைகள்கூட அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் ப்ராக்டர் ஒன்றை மறைக்கவில்லை. நினைத்தால் இது ஆளையே கொல்லக்கூடிய பிராணி என்று தெளிவாகவே எழுதினார். அதே கட்டுரையில் நாய் போலச் சாதுவாக இருக்கிறது, பாசம்கூடக் காட்டுவதாகத் தோன்றுகிறது என்றும் எழுதினார்.

பாசமா? இங்கேதான் தகராறு. பல்லிக்கு அறிவே கிடையாது என்று ஒரு பக்கம் சொன்னார்கள். வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலையில் 1992இல் முட்டையிலிருந்து வந்த 'கிராகன்' என்ற கொமோடோ டிராகன், பராமரிப்பவரின் பையிலிருந்து பொருளை மெதுவாக உருவி எடுத்து விளையாடியது. தின்னும் பொருளுக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் வித்தியாசம் தெரிந்தே நடந்துகொண்டது. மறுபக்கம், 2001இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மிருகக்காட்சி சாலையில் டிராகன் கூண்டுக்குள் போன ஒரு பத்திரிகை ஆசிரியர், வெள்ளை ஷூவை அது வெள்ளை எலி என்று நினைத்துவிடக் கூடாதே என்று கழற்றி வைத்தார். அது வெறும் பாதத்தையே கடித்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. 2009இல் இதன் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பி இருப்பதையும் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ப்ராக்டருக்கு இது தெரியாது. அவர் கோழி ஊட்டிய அந்த வாயில் நஞ்சும் இருந்தது!

ஆக, சும்பாவா பழகியது ப்ராக்டரிடம். அவருடைய வாசனை, நடை, அன்றாட வழக்கம் இவற்றிடம். 'டிராகன் சாது' என்று அதை வைத்து யாரும் சட்டம் எழுத முடியாது. அதேபோல 'டிராகன் அரக்கன்' என்று பர்டனின் கயிறை வைத்தும் எழுத முடியாது. இந்த இரண்டில் பின்னதை உலகம் ரொம்ப நாள் நம்பியது, சினிமாவாகவும் எடுத்தது. முன்னது ஒரு சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் தூங்கியது.

ப்ராக்டரின் நோய் கடைசிவரை விடவில்லை. 1931 செப்டம்பரில் 34 வயதில் இறந்துபோனார். டிராகன்கள் வந்து நான்கே வருடம். அவருடைய பளிங்கு மார்பளவுச் சிலையை அவர் கட்டிய ஊர்வன இல்லத்திலேயே வைத்தார்கள்.